டத்தோவின் தலையில் குழி: ஒரு லோஹான் மீனின் நோயும் வைத்தியமும்

நோயாளி ஓர் ஆண் லோஹான். வயது நாலுக்கு மேல், வாயிலிருந்து வால் நுனிவரை சுமார் 22 சென்டிமீட்டர், எடை 300 கிராம் இருக்கும். இருப்பிடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் டவுனின் பழைய கடைவரிசையில் ஒரு முடிதிருத்தும் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர் பிடிக்கும், நிஜத்தில் உள்ளே இருப்பது 220 லிட்டர்தான். மண்டையில் அவ்வளவு பெரிய மேடு இருப்பதால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் டத்தோ, இங்கே பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற பட்டம் அது. கடைக்கார அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டு "தம்பி, டத்தோ சாப்பிட மாட்டேங்கிறாரு, தலையில ஓட்டை விழுந்திருக்கு" என்றபோது நாற்காலியில் சவரத்துக்குச் சாய்ந்திருந்தவர் பதறி எழுந்துவிட்டாராம்.

லோஹான் இயற்கையில் கிடைக்கிற மீன் இல்லை. நடு அமெரிக்க சிக்லிட் இனங்களைக் கலந்து 1990களின் பிற்பகுதியில் இங்கே மலேசியாவில் உருவாக்கிய கலப்பினம். 2000 வாக்கில் இதற்காகக் கார் விலை கொடுத்தவர்களும் உண்டு, உடம்பில் ஓடும் கறுப்புப் புள்ளிகளில் லாட்டரிக்கு நாலு நம்பர் தேடியவர்களும் உண்டு. அந்த மோகம் எப்போதோ அடங்கிவிட்டது, ஆனால் எங்கள் பக்கம் ஒவ்வொரு தாமானிலும் (குடியிருப்புப் பகுதி) ஒன்றிரண்டு வீட்டு வாசலில் இன்னும் ஒரு லோஹான் இருக்கும். தனியாக வளர்கிற, ஆளை அடையாளம் தெரிந்துகொள்கிற, விரலைக் காட்டினால் சண்டைக்கு வருகிற மீன். அதனால்தான் அது சோர்ந்தால் உடனே தெரியும். தெரிந்தும் கவனிக்காமல் விடுவது வேறு கதை.

நான் போய்ப் பார்த்தபோது டத்தோ தொட்டியின் மூலையில் தலையைச் சற்றே கீழே சாய்த்து நின்றிருந்தது. உடம்பு கருத்திருந்தது, நெஞ்சுப் பக்கச் சிவப்பு மங்கியிருந்தது, வயிறு உள்வாங்கியிருந்தது. மேட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே இடது பக்கத்தில் மூன்று குழிகள், வலது பக்கத்தில் ஒன்று. பெரியது பச்சரிசி அளவு, விளிம்பு வெள்ளையாகப் பிசிர் தட்டியிருந்தது. இந்த இடது வலது கணக்கு முக்கியம். சிக்லிட் மீன் எல்லாவற்றுக்கும் தலையில் இயல்பாகவே சிறு துளைகள் உண்டு. தண்ணீரின் அசைவை உணர்கிற உறுப்பின் வாய்கள் அவை, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஜோடியாக இருக்கும், விளிம்பு சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மருந்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் கூடுதலாக, கோணல்மாணலாக, ஓரம் சிதைந்து இருந்தால்தான் அது புண்.

தொட்டித் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அண்ணன் எனக்கு முன்பே வைத்தியம் ஆரம்பித்துவிட்டிருந்தார். மீன் கடைத் தௌக்கே (முதலாளி) கொடுத்த மஞ்சள் நிற மருந்துப் பொடி போட்டாகிவிட்டது, அது கேட்கவில்லை என்று கைப்பிடி உப்பு, அதுவும் கேட்கவில்லை என்று கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை, இதற்கு நடுவில் நீல மருந்தும் கொஞ்சம். ஃபில்டருக்குள் கார்பன் பை அப்படியே கிடந்தது, அதாவது போட்ட மருந்தில் பெரும்பகுதியை அதுவே உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அண்ணி வேறு ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்துக்கொண்டு, குழியில் பூசலாமா என்று கேட்டார். மனிதர் காயத்துக்கு மஞ்சள் வைக்கிறோம், மீனுக்கு ஏன் கூடாது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பூச வேண்டுமானால் மீனைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும், பிடித்தால் உடம்பு மேலிருக்கிற வழவழப்புப் படலம் போகும், அந்தப் படலம்தான் அதற்குத் தோலுக்கு மேல் இன்னொரு தோல். வேண்டாம் அண்ணி என்றேன், கிண்ணம் உள்ளே போயிற்று.

கடையில் இருந்த எல்லோரும் ஒரே குரலில் சொன்ன காரணம் டிங்கிப் புகை. அந்த வாரம் கடைத்தெருவில் கொசுவுக்குப் புகை அடித்திருந்தார்கள், மறுநாளிலிருந்து டத்தோவுக்கு உடம்பு சரியில்லை, கணக்கு நேராகத்தான் தெரிந்தது. புகையில் கலக்கிற பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து மீனுக்குக் கொடிய விஷம் என்பதும் உண்மை. ஆனால் அந்த விஷம் தாக்கினால் மீன் சில மணி நேரத்துக்குள் தாறுமாறாகச் சுழலும், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், பெரும்பாலும் அன்றைக்கே செத்துவிடும். தலையில் குழி பறித்து, உடம்பை மெலிய வைத்து, வாரக்கணக்கில் இழுத்தடிக்காது.

அதனால் நான் கேட்டது "எப்போதிலிருந்து?" என்று அல்ல, "எது முதலில்?" என்று. இதற்கு அண்ணனிடம் சரியான பதில் இல்லை, அவர் கண் கத்தரியில் இருக்கும். பதில் வந்தது ஒரு பெரியவரிடமிருந்து. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியபின் பிள்ளைகளோடு டவுனுக்கு வந்துவிட்டவர், தினமும் காலையில் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர். அவர் சொன்ன வரிசை இது. முதலில் தீனியை வாயில் போட்டு மென்று துப்ப ஆரம்பித்தது. அப்புறம் வெள்ளையாக நூல் மாதிரி கழிவு தொங்கியது. அதற்கு அப்புறம்தான் நிறம் கருத்தது, விரலுக்கு வருவது நின்றது. குழி கடைசியில். புகை அடித்தது இதில் எங்கே வருகிறது என்று கேட்டேன். "அதுக்கு முன்னாடியே துப்பிக்கிட்டுதான் இருந்துச்சு, நான்தான் சொன்னேனே, யாரு கேட்டா?" என்றார். ஒரு பரிசோதனைச் சாலை கொடுத்திருக்க முடியாத தகவல் அது.

பசி குறைவதற்கு முன் துப்பல், பிறகு வெள்ளைக் கழிவு, பிறகு கருமை, கடைசியில் குழி என்ற இந்த வரிசை குடலில் ஆரம்பித்து வெளியே வருகிற நோயைக் காட்டுகிறது. சிக்லிட் மீன்களில் இதற்கு முதல் சந்தேகம் ஸ்பைரோநியூக்ளியஸ் என்கிற ஒட்டுண்ணி. பழைய பெயர் ஹெக்சாமிட்டா என்று சொல்லி மருந்து விற்பவர்களும் உண்டு, இரண்டும் நெருங்கிய உறவு. சவுக்கு போன்ற இழைகளால் நீந்துகிற ஒற்றைச் செல் உயிரி, குடலில் வாழும். நல்ல ஆரோக்கியமான மீனிலும் கொஞ்சம் இருக்கும், ஒன்றும் செய்யாது. தண்ணீர் கெட்டு, தீனி கெட்டு, மீன் தளரும்போது பெருகும். தலைக்குழிக்கு இது மட்டுமே காரணமா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வைட்டமின் சி, கால்சியம், பாஸ்பரஸ் குறைவையும் கெட்ட தண்ணீரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

வெள்ளைக் கழிவு என்றவுடன் ஒட்டுண்ணி என்று முடிவு கட்டவும் கூடாது. எந்த மீனும் சில நாள் பட்டினி கிடந்தால் குடலின் சளி மட்டும் வெள்ளையாக வெளியே வரும். குடல்புழு இருந்தாலும் வரும், அதில் காமலானஸ் வகையாக இருந்தால் ஆசனத் துவாரத்தில் சிவப்பு நூல் முனைகள் எட்டிப்பார்க்கும், இங்கே அது இல்லை. வயிறு ஒட்டி மெலிவதற்கு மீன்களுக்கு வருகிற காசநோய் வகையும் காரணமாகலாம், அது மெதுவாக வரும், முதுகு வளையலாம், புண்ணுள்ள கையோடு தொட்டித் தண்ணீரில் அளைந்தால் மனிதத் தோலுக்கும் தொற்றும். சவரக் கத்தி பிடிக்கிற கையில் கீறல் இல்லாத நாள் ஏது? அது இல்லை என்று தெரியும்வரை அண்ணனைக் கையுறை இல்லாமல் தொட்டியில் கைவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. நைட்ரேட், அதாவது மீன் கழிவு சிதைந்து கடைசியில் தண்ணீரில் சேர்வது, அதன் சோதனைக் குழாய் அடர் சிவப்புக்குப் போனது, அட்டையில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 6, குழாயில் நேராகப் பிடித்த தண்ணீரிலோ 7. அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் காட்டியது. நைட்ரைட் இல்லை. இதை வைத்தே அந்தத் தொட்டியின் வரலாற்றைச் சொல்லலாம். ஆவியாகிற தண்ணீருக்கு மேலே ஊற்றுவார்கள், பாதி மாற்றுவது கிடையாது. கழிவு சேரச் சேர, தண்ணீரில் அமிலத்தைத் தாங்குகிற உப்புகள் தீர்ந்து பிஎச் இறங்கும், இறங்கினால் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியாவின் வேலை மந்தமாகும், அம்மோனியா தேங்கும். ஆனால் பிஎச் 6இல் அது பெரும்பாலும் அம்மோனியமாக, அவ்வளவு தீங்கில்லாத வடிவில் இருக்கும். பிஎச் ஓர் அலகு ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். ஆகவே இந்த மாதிரித் தொட்டியைப் பார்த்தவுடன் "ஐயோ அழுக்கு" என்று முக்கால்வாசித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றினால், சுத்தம் செய்த கையாலேயே மீனைக் கொன்றதாகும். தினமும் ஐந்தில் ஒரு பங்கு, குளோரின் நீக்கி ஊற்றி, மெதுவாக மாற்றினோம்.

தீனி விஷயம் கேட்டால் தலை சுற்றும். லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாய்) பிடித்த குட்டி மீன்கள், கோழி ஈரல், பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கிய சோசேஜின் மீதம், வாடிக்கையாளர் பையிலிருந்து வருகிற ரொட்டி. மேடு பெரிதாகும் என்று யாரோ சொன்னதால் ஈரல். நிலத்து விலங்குக் கொழுப்பு மீனின் ஈரலில்தான் போய்ப் படியும். லோங்காங் மீன் ஒவ்வொன்றும் தன் குடல் ஒட்டுண்ணிகளையும் சேர்த்து இலவசமாகக் கொண்டுவரும்.

அப்புறம் ஈப்போவில் மீன் பார்க்கிற ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். முதலில் கழிவை மட்டும் குப்பியில் கொண்டுபோனோம், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியவில்லை. இல்லை என்று அர்த்தமில்லை, இவை உடம்பை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும், அசைவு இல்லாவிட்டால் கண்ணில் படாது, மீனையே கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். பசாரில் மீன் விற்பவரிடம் ஓர் ஐஸ் பெட்டி வாங்கி, பாதி தண்ணீர், பேட்டரி காற்றுப் பம்பு, மூடியில் துளை, காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டு டத்தோ ஈப்போ போயிற்று. வழியிலேயே பெட்டியில் கழிவு போட்டது, அது சூடு ஆறாமல் கண்ணாடித் தகட்டில் ஏறியது. இந்தத் தடவை திரை முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒரு நிமிடம் நிற்காமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தன. புழு முட்டை எதுவும் இல்லை. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு "இவ்வளவு பேரா உள்ள குடியிருக்கான்?" என்றார்.

மருந்து மெட்ரோனிடசோல். மனிதருக்கும் கொடுக்கிற மாத்திரைதான், மருத்துவரின் சீட்டில்லாமல் வாங்க வேண்டாம். இதை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒட்டுண்ணி இருப்பது குடலுக்குள். நன்னீர் மீன் தண்ணீரைக் கடல் மீன் மாதிரிக் குடிப்பதில்லை, அதனால் தொட்டியில் கரைத்த மருந்து குடலுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். தீனியில் வைத்தால் நேராகப் போகும். தீனியில் வைக்க வேண்டுமானால் மீன் சாப்பிட வேண்டும். மருந்துப் பொடிக்கும் உப்புக்கும் இலைக்கும் செலவான நாட்கள் எல்லாம் டத்தோ இன்னும் கொஞ்சமாவது விழுங்கிக்கொண்டிருந்த நாட்கள். நாங்கள் ஈப்போ போனபோது அது உருண்டைத் தீனியை முழுசாக ஒதுக்கிவிட்டிருந்தது. இடுக்கியில் பச்சை இறால் காட்டினால் மட்டும் வாயில் வாங்கி, பாதியைத் துப்பியது. அந்தப் பாதிதான் எங்களுக்கு மிச்சமிருந்த வழி.

டாக்டர் சொன்ன அளவு, உடல் எடை கிலோவுக்கு 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு, ஐந்து நாள். தீனிக் கணக்கில் ஒரு கிராமுக்கு 10 மில்லிகிராம். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நைசாகப் பொடித்து, 20 கிராம் அரைத்த இறாலில் கலந்தால் கணக்கு சரியாக வரும். 300 கிராம் மீனுக்குத் தினமும் ஒன்றரை கிராம் போதும், ஒரு கடலைப் பருப்பு அளவு உருண்டை இரண்டு மூன்று. கூடவே கொஞ்சம் ஜெலட்டின் வெந்நீரில் கரைத்து, ஆறிய பிறகு சேர்த்துப் பிசைந்து, தட்டில் பரப்பிக் குளிர்பெட்டியில் உறைய வைத்து வெட்டினோம். ஜெலட்டின் இல்லாவிட்டால் மருந்து தண்ணீரிலேயே கழன்றுபோகும்.

பிரச்சினை என்னவென்றால் இந்த மாத்திரை கடும் கசப்பு. முதல் துண்டைத் துப்பியது, இரண்டாவதையும் துப்பியது. அதை விட்டுவிட்டு ஒரு நாள் பட்டினி போட்டோம், அப்புறம் இறால் தலையைப் பிழிந்த சாற்றில் துண்டுகளைப் புரட்டி, முதலில் மருந்தில்லாத இறால் ஒன்று, அது உள்ளே போனதும் அடுத்த நொடியே மருந்துத் துண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோம். விழுங்கியது. பூண்டுச் சாறு பசியைத் தூண்டும் என்று பலரும் சொல்கிறார்கள், எனக்கு இறால் தலை மேல்தான் நம்பிக்கை.

விழுங்குவது நிச்சயமில்லை என்பதால் தண்ணீரிலும் மருந்து வைக்கச் சொன்னார். அதற்கு அந்த ஐஸ் பெட்டியே மருத்துவமனையாயிற்று. கடையின் பின்னறையில் 45 லிட்டர் தண்ணீர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், பாதி மூடிய மூடி. வெப்பம் ஏறி இறங்காது, இருட்டு, ஆள் நடமாட்டம் தெரியாது, பத்து ரிங்கிட்கூட ஆகவில்லை. லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒன்றரை மாத்திரை, தினமும் பாதித் தண்ணீர் மாற்றிய பின் மறுபடி, மூன்று நாள். கார்பன் கிடையாது. தண்ணீரைச் சூடாக்கச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள், நாங்கள் செய்யவில்லை. வெள்ளைப்புள்ளி நோய்க்குச் சொல்கிற யோசனை அது. இந்த ஒட்டுண்ணிக்கு 28, 30 டிகிரி எல்லாம் சௌகரியமான வீடு, சூட்டில் தண்ணீரின் ஆக்சிஜன் குறைவதுதான் மிச்சமாகும்.

இடையில் ஒருவர், வீட்டுக்குப் பின்னால் தீலாப்பியாக் குளம் வைத்திருப்பவர், அந்த மாத்திரையில் நாலு தா, என் மீனும் சோர்ந்திருக்கிறது என்றார். சாப்பிடப் போகிற மீனுக்கு இதைக் கொடுக்கவே கூடாது, பல நாடுகளில் உணவுக்கான விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து, எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதாகச் சோதனைகள் இருக்கின்றன. அதனால்தான் பொடிக்கும்போது கையுறையும் முகக்கவசமும், கர்ப்பிணிகள் பக்கத்தில் வேண்டாம் என்பதும். அவர் கோபித்துக்கொண்டு போனார், பரவாயில்லை.

முதலில் மாறியது துப்பல். மருந்து முடிவதற்குள் துண்டுகளைத் தயங்காமல் விழுங்க ஆரம்பித்தது. கழிவு நிறம் திரும்ப இன்னும் சில நாள் ஆனது. வெள்ளை, பிறகு வெள்ளையும் பழுப்பும் கலந்து, பிறகு பழுப்பு. பெரிய தொட்டியில் நைட்ரேட் 40க்குக் கீழே வந்து, பிஎச் ஏறி நிலைத்த பிறகே திரும்ப விட்டோம். தலைக்குழிகள் மேலும் பரவவில்லை, ஆனால் உடனே மூடவும் இல்லை. விளிம்பின் வெள்ளைப் பிசிர் போய், அடியில் புதுத்தோல் தெரிய வாரங்கள் ஆயின, நிரம்ப மாதங்கள். பெரிய குழி இருந்த இடத்தில் தழும்பு நிற்கிறது, போட்டிக்கு அனுப்புகிற மீனாக இருந்தால் அதோடு மதிப்புப் போயிருக்கும்.

மாத்திரையா, தண்ணீரா, தீனியா, எது குழியை மூடியது என்று என்னைக் கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினோம். கழிவு நிறம் மாறியதை மருந்துக் கணக்கில் தைரியமாக எழுதுவேன், தோல் வளர்ந்ததைத் தண்ணீருக்கும் தீனிக்கும் எழுதுவேன்.

இதைக் கேள்விப்பட்டு இன்னொரு லோஹான் வந்தது, பக்கத்துத் தாமானிலிருந்து. அதன் தலையில் ஒரே ஒரு குழிதான், பார்க்க டத்தோவைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் வாய் திறந்து வாரங்கள் ஆகியிருந்தன, இறால் தலையை மூக்கில் இடித்தாலும் திரும்பிக்கொண்டது. தண்ணீரில் மட்டும் மருந்து வைத்தார்கள். டாக்டர் மீனை மயக்கிக் குழாய் வழியாக வயிற்றுக்குள் மருந்தைச் செலுத்தலாம் என்றார், வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார், அதற்குள் செத்துவிட்டது.

டத்தோவுக்கு இப்போது நல்ல உருண்டைத் தீனி, வாரத்தில் இரண்டு தடவை இறால், ஞாயிறு பட்டினி. வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். லோங்காங் மீன் நின்றது. சோசேஜை நிறுத்துவதுதான் பெரும்பாடு, தமிழிலும் மலாயிலும் எழுதித் தொட்டியில் ஒட்டியும் யாராவது ஒருவர் கிள்ளிப் போட்டுவிடுகிறார். மறுபடி துப்ப ஆரம்பித்தால் கழிவு வெளுக்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவருடைய நம்பரை அண்ணன் பெஞ்சுப் பெரியவரின் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்.